மேலே யாரோ மறிக்கிறார்கள்

அக்கா,

ராகலைக் கடைத்தெருவில் இன்று கறுப்பு ரப்பர் குழாய்ச் சுருள் ஒன்று வெயிலில் கிடந்தது. அந்தச் சூடேறிய வாசனை மூக்கில் பட்டதும், நீங்கள் காலமாகி இத்தனை காலத்துக்குப் பிறகும், என் முன்னால் வந்து நின்றுவிட்டீர்கள்.

எண்பதுகளின் தொடக்கம் அது. மாசி மாதம். பனி கொட்டியது, மழைதான் இல்லை. தேயிலைக் கொழுந்து குறைந்து தோட்டத்தில் வேலை நாளும் குறைந்திருந்தது. நம் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் நாம் போட்டிருந்த கரட், லீக்ஸ் பாத்திகளை நம்பித்தான் அடுப்பு எரிந்தது. ஓடையிலிருந்து வரும் ஒரே வாய்க்காலை வீடு வீடாக முறைவைத்துப் பங்கிட்டவர், லயத்துக்கே அக்காவான நீங்கள். மானாப்புல்லை வெட்டிப் பாத்திகளில் போர்த்தி ஈரத்தைக் காக்கச் சொன்னவரும் நீங்கள்தான். அப்படியும் தண்ணீர் நாளுக்கு நாள் மெலிந்தது.

"மேல யாரோ மறிக்கிறாங்க," என்றீர்கள்.

அதன்பிறகு யாரும் யாரையும் நம்பவில்லை. கங்காணி வீட்டுக் கோவாப் பாத்தி மட்டும் ஏன் இத்தனை பச்சை என்று முணுமுணுத்தோம். என் பாத்தி ஈரமாயிருந்தால் பக்கத்து வீட்டார் குனிந்து தொட்டுப் பார்த்தார்கள்.

ஒரு ஞாயிறு காலை எங்களில் சிலரைக் கூட்டிக்கொண்டு ஓடையோரமாக ஏறினீர்கள். புதருக்குள் ஒரு கறுப்பு ரப்பர் குழாய் ஒளிந்திருந்தது. அதைத் தொடர்ந்து போனோம். மேல் லயத்தில் குடியிருந்த உங்கள் தம்பியின் உருளைக்கிழங்குப் பாத்தியில் போய் முடிந்தது.

"புள்ளைகளுக்காகத்தான்க்கா," என்றார் அவர்.

எல்லார் முன்னாலும் குழாயைப் பிடுங்கிச் சுருட்டினீர்கள்.

தண்ணீர் திரும்பியது, சந்தேகம் போகவில்லை. அக்காவுக்குத் தெரியாமலா தம்பி செய்திருப்பான் என்று உங்கள் காதுபடவே பேசினார்கள். தம்பியோ உங்களோடு பேச்சையே விட்டார். அடுத்த வருஷம் குடும்பத்தோடு இந்தியாவுக்கே புறப்பட்டபோது, வழியனுப்ப வந்து நின்ற உங்களைப் பார்க்காமலே பஸ் ஏறினார்.

அன்று மாலை தண்ணீர் பாய்ச்சும் முறை உங்களுடையது. வாய்க்காலை என் பக்கம் திருப்பிவிட்டீர்கள்.

"இன்னைக்கு நீ பாச்சிக்க புள்ள. எனக்குக் கை ஓடல."

என் பாத்திகள் நிறைந்தன. நீங்கள் வரப்பில் உட்கார்ந்து, பஸ் போன பாதையையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். உங்களைச் சந்தேகித்தவர்கள் யாரும் அந்த முகத்தைப் பார்க்கவில்லை. இன்றும் யாராவது யாரைப் பற்றியாவது என் காதில் ஓதினால், எனக்கு அந்த முகம்தான் தெரிகிறது, அக்கா.