ராணி திரும்பிப் பார்க்கவில்லை

ஜனவரி 16, ரங்கத், அந்தமான்
பொங்கலுக்கு வந்தவர்கள் எல்லாம் என் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் படங்களைப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள். மகள் வழிப் பேரன் கோகுல் பாண்டிச்சேரியில் எஞ்சினியருக்குப் படிக்கிறான். அவன் தங்கை திவ்யா கபடியில் டெல்லி வரை போய் வந்தவள். என் மகன் உதயாவுக்குப் போர்ட் பிளேரில் மின்சார ஆபீஸ் வேலை, நிரந்தரம். ஐந்தாவதோடு பள்ளி நிறுத்தப்பட்ட இந்தச் சொர்ணம்மாவின் வரிசை இது. பக்கத்து வீட்டு சுசீலா இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போனாள்.

உதயாவின் மகள் ராணி படம் மட்டும் பழசு. மொட்டை அடித்த அன்று எடுத்தது. புதுசு அனுப்பச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. மருமகள் நளினிக்கு நேரம் இல்லையாம்!

ஜனவரி 29, பத்துபஸ்தி
நானே பஸ் ஏறி போர்ட் பிளேருக்கு, உதயா வீட்டுக்கு வந்துவிட்டேன். வந்ததிலிருந்து கூப்பிடுகிறேன், ராணி திரும்பியே பார்க்கவில்லை. எப்படிப் பார்ப்பாள்? டிவியில் ஹிந்தி. மாடி வீட்டுப் பெங்காலிக்காரியோடு நளினி பேசுவதும் ஹிந்தி. இரண்டு வயதுப் பிள்ளைக்குத் தமிழே காதில் விழவில்லை. நளினியிடம் நேராகவே கேட்டேன்.

"ஹிந்தியில கூப்பிட்டாலும் அவ திரும்பலை அத்தை."

என்ன திமிர்.

பிப்ரவரி 9
ராணியை ஆஸ்பத்திரியில் தூங்க வைத்து, தலையில் வயர் ஒட்டிப் பார்த்தார்களாம். இரண்டு காதுமே மிகக் குறைவாகத்தான் கேட்கிறதாம். உதயா அழுகிறான். ஆம்பளை அழுகிற அழுகையா அது.

பிப்ரவரி 10
பொய். வயருக்கு என்ன தெரியும்? என் வம்சத்தில் யாருக்கும் இது இல்லை.

பிப்ரவரி 11
நளினியின் அப்பா ஜம்புலிங்கத்துக்குப் போன் போட்டேன். "உங்க பக்கம் யாருக்காச்சும் காது கேக்காம இருந்துச்சா சம்பந்தி?"

"எங்க பக்கம் இல்லீங்க. எம்மக வாக்கப்பட்ட வீட்டுலதான் ஒருத்தங்க இருக்காங்க, எதுவுமே அவங்க காதுல ஏறாது."

போனை வைத்துவிட்டேன். நாக்கா அது?

பிப்ரவரி 15
காதுக்கு மெஷின் மாட்ட வேண்டுமாம். இந்த வயதில் மெஷின் மாட்டிய பெண்ணை ஊர் என்ன சொல்லும்? மூன்று வயது ஆகட்டும், சில பிள்ளைகள் மெதுவாகத்தான் பேசும் என்றேன். உதயா தலையாட்டினான். நளினி சாமி வந்தவள் போல எழுந்தாள்.

"உங்கம்மா சொன்னா நிறுத்திடுவீங்களா? தள்ளிப்போட்டா பேச்சு வர்றதே கஷ்டம்னு டாக்டர் சொன்னாங்கல்ல? நானும் புள்ளையும் லாங் ஐலண்டுக்கு அப்பா வீட்டுக்குப் போறோம். அங்கருந்து பாத்துக்கறேன்."

பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருக்கிறாள். அடுக்கட்டும்.

பிப்ரவரி 16
நளினி கப்பல் டிக்கெட்டுக்குப் போயிருந்தாள். ராணி தரையில் உட்கார்ந்து பொம்மைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். பின்னால் போய் நின்று, எவர்சில்வர் தாம்பாளத்தில் கரண்டியால் ஓங்கி அடித்தேன்.

மாடி வீட்டுக் கைக்குழந்தை வீறிட்டது. "அரே, க்யா ஹுவா?" என்ன ஆச்சென்று கேட்டுக்கொண்டு பெங்காலிக்காரி ஓடி வந்தாள்.

ராணி ஊட்டிக்கொண்டே இருந்தாள்.

பிப்ரவரி 17
உதயாவிடம் சொன்னேன். "நாளைக்கே மெஷின மாட்டு. ஏன் எதுக்குன்னு கேக்காத." நளினியிடம் அவன் சொல்லியிருப்பான். அவள் பெட்டி கட்டிலுக்கு அடியில் போய்விட்டது.

மார்ச் 6
மாட்டியாயிற்று. பிடுங்கிப் பிடுங்கி எறிகிறாள், என் ரத்தம்தானே. வீட்டில் ஒரே மொழியில், முகத்துக்கு நேராக, நாள் முழுக்க யாராவது பேச வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். நளினி துணிக்கடைக்கு வேலைக்குப் போகிறவள். அடுப்படியில் வந்து நின்றாள்.

"உங்க மேல உள்ள கோவம் எனக்குத் தீரலை அத்தை. ஆனா இந்த வீட்டுல ஓயாம பேசுறது நீங்க ஒருத்தர்தான். இருங்க."

"தீர வேணாம். டிவிய மொதல்ல நிறுத்து" என்றேன்.

ஏப்ரல் 20
மீன்காரனைத் திட்டினேன். கரண்ட் போனதற்குத் திட்டினேன். ஜம்புலிங்கத்தையும் திட்டினேன். எல்லாம் ராணியின் முகத்துக்கு நேராக. என் வாயையே பார்க்கிறாள். தொண்டை கட்டிவிட்டது.

ஜூலை 3
வடாம் காய வைத்திருந்தேன். தினமும் போல "போ, போ" என்று காக்கையை விரட்டினேன். ராணி என் சேலையைப் பிடித்து இழுத்தாள். விரலை என் பக்கமே நீட்டி—

"போ!"

நளினி சிரித்தாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மாமியாரைப் போகச் சொன்னால் சிரிக்கிற மருமகள்! பிள்ளைக்கும் மரியாதை தெரியவில்லை. மறுபடி சொல்லுடி, மறுபடி சொல்லுடி என்று விளக்கேற்றும் வரை சொல்ல வைத்தேன்.

செப்டம்பர் 12, ரங்கத்
பாக்கு பறிக்க வேண்டும் என்று ஒரு வாரம் வந்தேன். சுசீலா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "காது கேக்காத பஹ்ரா புள்ளைக்கு மெஷினாமே. பாவம்க்கா."

"எம்பேத்தி என்னையே போடின்னுருவா. நீ எம்மாத்திரம்? போ" என்றேன்.

நளினி அனுப்பிய புதுப் படம் தபாலில் வந்திருந்தது. முடியை இழுத்துவிட்டுக் காதை மறைத்து எடுத்திருக்கிறாள். ஊர் என்ன சொல்லும் என்று அன்றைக்குக் கேட்டேனே, எனக்காகவாம். உடனே போன் போட்டேன். "எவ கேட்டா இப்புடி? தூக்கிக் கொண்டை போட்டு, ரெண்டு மெஷினும் தெரிய எடு. பெருசா கழுவி, நாளைக்கே தபால்ல போடு. கோகுல ஓரமா மாட்டிட்டேன், நடு ஆணி சும்மா இருக்கு."