தொம்மை ஊதிய சங்கு

வியாழன், காலை 7.10. காற்று சரி. தண்ணீர் சரி.
கடல் ஏறி எங்கள் ஊர் உப்பளங்களை விழுங்கியதே, அந்த வருஷம். நிலவின் பனிச் சுரங்கத்துக்கு முதல்முறையாக ஒரு பெண் தலைமையேற்று வந்ததும் அதே வருஷந்தான். பெயர் கோமதி. நான் தொம்மை, சமையல்காரன். எழுத்து தெரியாது; சொல்லச் சொல்ல இந்தப் பெட்டி எழுதிக்கொள்ளும். மற்ற இருவர் ஜெய்லானி, சுடலைமணி. பனி வெட்டுகிறவர்கள்.

ஓய்வில் இருவரும் கணினியில் படகு விளையாட்டு ஆடுவார்கள். ஆடுகிறவர்களே அதற்குப் புதுப் படகு, புது வலை, புதுச் சத்தம் செய்து சேர்க்கலாம். 'பேக்' என்பார்கள். ஜெய்லானி செய்யும் பேக்குகளைப் பூமியில் ஆயிரக்கணக்கானோர் இறக்கிக்கொள்கிறார்கள். ஒருமுறை கேட்ட சத்தம் எனக்கு மறக்காது. வள்ளத்து மோட்டார், மீன் ஏலக் கூச்சல், எல்லாம் என் வாய்தான். படகில் தண்ணீர் ஏறினால் ஒலிக்க ஜெய்லானி ஒன்று கேட்டான். இங்கே காற்று கசிந்தால் அலறுகிற சங்கையே ஊதிக் கொடுத்தேன். மூன்று குட்டை, ஒரு நெட்டை.

வெள்ளி, மதியம் 1.30. காற்று சரி.
வெளியே வண்டியிலிருந்து கோமதி, ரேடியோவில்: "பாட்டா, அந்தச் சங்குச் சத்தத்த எடுத்துரச் சொல்லுங்க. நெசச் சங்கு ஊதினா எவன் எந்திரிப்பான்?"
"சரி தாயி" என்றேன். ஜெய்லானியிடம் சொல்லவில்லை. பூமியிலிருந்து வந்த பாராட்டுகளை எனக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தான். இன்னும் கொஞ்சம் கேட்கலாம் என்றிருந்தேன்.

ஞாயிறு, காலை 11. காற்று சமையலறையில் மட்டும்.
சங்கு ஊதினால் எல்லோரும் சமையலறைக்கு ஓடி வர வேண்டும். சற்று நேரத்தில் கதவு தானாக மூடிக்கொள்ளும். இன்று ஊதியது. விளையாட்டில் வரும் என் சத்தம்தானே என்று பருப்பைக் கடைந்துகொண்டிருந்தேன். பிறகுதான் உறைத்தது. நெட்டைக்கு முன்னால் நான் மூச்சு வாங்குவேன். இதில் மூச்சு இல்லை.
ரேடியோவைப் பிடித்தேன். "ஏலே, இது நானில்லலே! ஓடியாங்க!"
ஜெய்லானி: "சும்மா இரும் பாட்டா, படகு முங்குது."
சுடலைமணி: "கெழவன் நேர்லயே ஊத ஆரம்பிச்சிட்டாரு டோய்!"
கதவு மூடியது. சிரிப்பு பாதியில் நின்றது. ஓடி வந்து தட்டினார்கள். கைப்பிடியைப் பிடித்தேன். திருகவில்லை.

ஞாயிறு, மதியம். நேரம் பார்க்கவில்லை.
கோமதி: "பாட்டா, வண்டியில காத்து தீருது. உள்ள யாரு இருக்கீங்க?"
"நான்தான் தாயி."
மற்ற இருவரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தாள். பிறகு: "அந்தச் சத்தத்த எடுக்கச் சொன்னீங்கல்ல?"
நேரே சமையலறைக்கு வா தாயி என்றேன்.

கதவைத் திறந்தால் இங்குள்ள காற்று போய்விடும். அவள் காற்றுடையோடு உள்ளே வந்து மூடிக்கொண்டால் காற்று உருளைகள் அறையை மறுபடி நிரப்பும். மீட்பு ஓடம் வரும்வரை அது ஒருத்திக்குத்தான் போதும். என் காற்றுடை கதவுக்கு அந்தப் பக்கம், வெளிக்கூடத்தில் தொங்குகிறது. அதை உடுத்திக்கொண்டேன் என்று அவளிடம் சொல்லிவிட்டேன்.

பேக் வைத்திருக்கிறவர்களே, அந்தச் சத்தத்தை அழித்துவிடுங்கள்.
தாயி, நான் ஜெய்லானியிடம் சொல்லவே இல்லை. அவனைத் திட்டாதே.

தட்டுகிறாள். இந்தத் தடவை திருகுகிறேன்.
ஜெய்லானி இல்லை. சுடலைமணி இல்லை. தொம்மை…
பாட்டாவும் இல்லை. இருப்பது நான், கோமதி.