பெட்டியெல்லாம் ‘ழ’வாப் போன படிவம்

களுதாவளை

அன்புள்ள மகள் தனுஷியாவுக்கு,

பிள்ளையாரப்பன்ட புண்ணியத்தில இஞ்ச நானும் அப்பாவும் நல்ல சுகம், அங்க நீயும் மருமகனும் என்ட பேத்தியும் ஒரு குறையும் இல்லாம இரிக்க வேணுமெண்டு அவரத்தான் கும்பிடுறன். குளிர் கூடிப்போச்செண்டு சொன்னாய், காதை மூடிக்கொண்டு போ. இந்தக் கிழமை முழுக்க உன்ட போன் கோலை வெட்டி வெட்டி விட்டன், கோவிச்சுக்கொள்ளாத, ஏனெண்டு சொல்றன் கேள். நீயும் அப்பாவும் எனக்கு ஒளிச்சுக் கதைச்சதெல்லாம் என்ட காதுக்கு வந்திட்டு, அவர்ட வாயில எந்த ரகசியம் நிண்டிரிக்கு? அம்மாவுக்கு இந்தப் போட்டோக்கொப்பிக் கடை சரிவராது, கையில இரிக்கிற டைப்பிங் ஓடரும் பிழைச்சா கடையப் பூட்டிட்டு ரெண்டு பேரையும் கனடாவுக்கே கூப்பிடுறன் எண்டு நீ சொன்னியாம், அவரும் ஓமெண்டு தலையாட்டினாராம். எனக்கு வந்த கோவம்! அம்பத்தெட்டு வயசில கொம்பியூட்டர் பழகினவள் ஒரு ஓடரோட விழுந்திருவாளாக்கும்?

அந்த ஓடர் என்னெண்டா, பாலர் பாடசாலை சார்மெயின் டீச்சர் புதுப் பிள்ளையளச் சேர்க்கிற படிவம் அடிச்சுத் தரச் சொன்னா. தாய்மார் எழுதிக்கொண்டு நிக்காம சரி மட்டும் போட்டுட்டுப் போக, ஒவ்வொண்டுக்கும் முன்னால ஒரு சின்னப் பெட்டி வேணுமாம். வடிவா வந்தா சுத்துவட்டாரப் பாலர் பாடசாலையளின்ட வேலையெல்லாம் எனக்குத்தான், இல்லாட்டி களுவாஞ்சிகுடிக் கடைக்குக் கொண்டு போவாவாம். முதல்ல நான் பெட்டியளக் கீறித்தான் வைச்சன், ஒரு வரி கூட்டினதும் எல்லாப் பெட்டியும் வெருண்ட ஆட்டுக்குட்டி மாதிரி மூலைக்கு ஒண்டா ஓடிட்டுது. மறுகா யூடியூப்பப் பார்த்து, இங்கிலீஷ் சின்ன ஓ அடிச்சு அந்த எழுத்த விங்டிங்ஸ் எண்ட பட எழுத்துக்கு மாத்தினன், அச்சொட்டாப் பெட்டி வந்திட்டுது மகள்! அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினா, ம் எண்டுட்டு பேப்பருக்குள்ள போயிட்டார் மனிசன்.

அதோட விட்டிருந்தா நல்லம். எனக்குத்தான் கை சும்மா இரிக்காதே. எழுத்தெல்லாம் ஒரே மாதிரி இரிக்கட்டுமெண்டு முழுத்தையும் ஒண்டாப் பிடிச்சுப் பாமினி எண்ட தமிழ் எழுத்துக்கு மாத்தி, திரும்பிப் பார்க்காமலே பிரிண்ட் அடிச்சுக் கட்டிக் குடுத்திட்டன். பின்னேரம் டீச்சர் கட்டோட வந்து சிரிக்கவும் ஏலாம ஏசவும் ஏலாம நிக்கிறா. பெட்டி இருந்த இடமெல்லாம் ழ! ழ பால் குடிக்கும், ழ தனியச் சாப்பிடும், ழ அழாது! விங்டிங்ஸில பெட்டியா நிக்கிற அந்த ஓதான் பாமினியில நம்மட ழ எண்டு அப்பதான் விளங்கிச்சு. டீச்சர் திருத்தி வையுங்க, காலையில வாறன் எண்டுட்டுப் போனா. நான் பதறிப்போய், ழவையெல்லாம் பெட்டியாக்கு எண்டு கொம்பியூட்டருக்குக் கட்டளை குடுத்தன், அது சொன்னதச் சொன்னபடி செய்திச்சு. குழந்தைக்கு நடுவில பெட்டி, கிழமையில பெட்டி, வாழைப்பழத்தில ரெண்டு பெட்டி! அப்பா வயிறு குலுங்கச் சிரிச்சுப்போட்டு, அப்ப எப்ப டிக்கெட் போடுறது எண்டு கேட்டார். அந்த ஒரு சொல்லுக்கு அடுப்படிக்குள்ள போய் அழுதிட்டன் மகள், உன்னட்ட மறைக்க என்ன இரிக்கு? கடை பிழைச்சதுக்கில்ல, ரெண்டு பேரும் சேர்ந்து என்னை முடிஞ்ச ஆள் எண்டு நினைச்சிட்டீங்களே எண்டுதான்.

பிறகு முகத்தக் கழுவிட்டு வந்து குந்தினன். இன்சேர்ட்டுக்குள்ள சிம்பல் எண்டு ஒரு இடம் இரிக்கு, அதுக்குள்ள இருந்து எடுத்து வைச்சா எழுத்த மாத்தினாலும் பெட்டி அசையாது. ஒவ்வொண்டா வைச்சு, பாமினிக்கும் வேற எழுத்துக்கும் மாத்தி மாத்திப் பார்த்தன், ஆடல்ல. காலையில டீச்சர் கண்ணாடியப் போட்டு வரிவரியாப் பார்த்தா. கடைசியில, அக்கா, மற்றப் பாடசாலைப் படிவங்களையும் நீங்களே செய்யுங்க எண்டா. அதாலதான் உன்ட கோலை எடுக்க நேரமில்லாமப் போச்சு. இப்ப அப்பாதான் கடையில குந்தி ஸ்டேப்ளர் அடிக்கிறார், கோணலா அடிச்சா நான் விடுறதில்ல, கழட்டித் திரும்ப அடிக்கச் சொல்லுவன்.

பேத்திக்குத் தலைக்கு எண்ணெய் வைச்சு விடு. மருமகனோட சும்மா சும்மா சண்டைக்குக் கொழுவாத. நீங்க மூண்டு பேரும் நூறு வயசுக்கு நல்லா இரிக்க வேணும். எங்களத் தனிய விட்டுட்டுப் போயிட்டன் எண்டு நீ நெஞ்சுக்குள்ள வைச்சு உருகுறாய், அது எனக்குத் தெரியும் மகள். கனடாவுக்குக் கட்டாயம் வாறம், பேத்தியத் தூக்காம என்ட கை உளையுது. டிக்கெட்டையும் நீயே போடு, ஆனா மறந்திராத, திரும்பி வாறதுக்கும் சேர்த்துப் போடு.

இப்படிக்கு,
கடை வேலையில இருந்து உன்ட அம்மா
இ. அன்னப்பூரணி