படத்தில் ஒரு வெள்ளைக்காரன் இருந்தான்

எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நம் மகன் எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறான். பிசகவில்லை. ஒரு தடவை அடுப்பை அணைக்க மறந்தேன். அதை நானே ஒப்புக்கொண்டேன். ஆனால் அவன் டாக்டரிடம் சொன்னது அடுப்பைப் பற்றி அல்ல, அந்தப் படத்தைப் பற்றி.

போன ஞாயிறு பூசை முடிந்து வந்ததும், "அம்மா, நீங்களும் அப்பாவும் பார்த்த ஜப்பான் படம் கெடச்சிருக்கு" என்று டீவியில் போட்டான். கடலிலிருந்து எழுந்து டோக்கியோவை மிதித்து நசுக்குமே, அதே மிருகம். ஆசையோடுதான் உட்கார்ந்தேன். நாம் அன்று பார்த்த அந்த அமெரிக்க நிருபர் கடைசிவரை வரவே இல்லை. எங்கே அவன் என்று கேட்டேன்.

"ஜப்பான் படத்துல வெள்ளைக்காரன் எங்கம்மா வருவான்?"

மருமகள் அவன் முகத்தைப் பார்த்தாள்.

நமக்குக் கல்யாணமான புதிதில், ஸ்பிரிங்வெளித் தோட்டத்திலிருந்து பஸ் பிடித்துப் பதுளைக்கு வந்து பார்த்தோம். எல்லோரும் மிருகத்தைப் பார்த்துக் கத்தினார்கள். நான் நிருபரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் பேசும்போதெல்லாம் எதிரே நிற்கும் ஜப்பான்காரரின் முதுகுதான் தெரிந்தது. அவர் முகம் தெரிந்தால் இவன் இல்லை. இவர்கள் ஒரே அறையில் இல்லை என்று உங்கள் காதில் சொன்னேன். சிரித்தீர்கள். படம் முடிந்ததும் தியேட்டர் ஆபரேட்டரிடம் கேட்டுவிட்டு வந்தீர்கள். அமெரிக்காக்காரர்கள் ஜப்பான் படத்தை வாங்கி, வெட்டி, தங்கள் ஆளைத் தனியாகப் படம்பிடித்து நடுவில் ஒட்டியிருக்கிறார்களாம்.

"டீச்சரம்மா கண்ண ஏமாத்திட்டு ஒரு படம் ஓட முடியுமா?" என்றீர்கள். வீடு வரும்வரை பஸ்ஸில் அதையே சொல்லிச் சிரித்தீர்கள்.

இதை அப்படியே மகனிடம் சொன்னேன். அப்பாவா சொன்னார் என்று மெதுவாகக் கேட்டான், காய்ச்சல்காரக் குழந்தையிடம் கேட்பதுபோல. வேறு பிரதி இருக்கும், தேடு என்றேன். சரிம்மா என்றான். தேடவில்லை. டாக்டரிடம், அம்மா இல்லாத ஆளைப் பார்க்கிறார் என்றான்.

திங்கட்கிழமை என்னைப் பண்டாரவளையில் முதியோர் இல்லத்தில் விடப்போகிறார்கள். உங்கள் சட்டைகள் தொங்கும் அறையைப் பூட்டிச் சாவியை அவன் வைத்துக்கொள்வான்.

நேற்றிலிருந்து எனக்கே பயமாக இருக்கிறது. அந்த நிருபர் இல்லையென்றால் நான் யார் காதில் சொன்னேன்? பஸ்ஸில் சிரித்தது யார்? அவனை இல்லையென்று ஒத்துக்கொண்டால் வீட்டிலேயே இருக்க விடுவார்கள் போலிருக்கிறது. என்னால் முடியவில்லை. அவனோடு உங்களையும் அல்லவா வெட்டி எடுக்கிறார்கள்.

நீங்கள் இறந்துவிட்டது எனக்குத் தெரியும். கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறவள் நான்தான். வேறு சாட்சி இல்லாததால் கேட்கிறேன். வெள்ளைக்காரன் இருந்தான் என்று உங்கள் கையெழுத்தில் ஒரு வரி, திங்கட்கிழமைக்குள் எழுதி அனுப்புங்கள்.