வானவில் படையின் கல்யாணமும் உன் கல்யாணமும்

என் மச்சான் டில்லிக்கு,

நம்ம கல்யாண இதழ் திரும்ப வந்துவிட்டதுடா. வானவில் படையின் கல்யாணச் சிறப்பிதழ். கெட்டி அட்டை, வழவழப்பான தாள், உள்ளே முழுக்க வண்ணம். போன வாரம் சென்ட்ரல் பக்கம் ஒரு கடையில் அடுக்கி வைத்திருந்தார்கள். பார்த்ததும் நின்ற இடத்திலேயே உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டேன். கடைக்காரர் "யார் சார்?" என்று திரும்பிப் பார்த்தார்.

ரயிலில் உட்கார்ந்து படித்தேன். ஆவடியில் இறங்க மறந்து பட்டாபிராம் வரைக்கும் போய்விட்டேன். அங்கே பிளாட்பார பெஞ்சில் மீதியை முடித்தேன். நீ போய்ப் பதினோரு மாசம் ஆகிறது. இந்தப் பதினோரு மாசத்தில் நான் அழுதது அன்றைக்குத்தான். உன் சாவுக்கு நான் அழவில்லை. ஊரே அழுதது, நான் பந்தல் போட்டேன், ஐஸ் பெட்டிக்குச் சொன்னேன், வந்தவர்களுக்கு டீ கொடுத்தேன். ஏன் அழவில்லை என்று உனக்குத் தெரியுமா?

இந்தக் கடிதத்தைக் காமிக்ஸ் வாசகர்கள் நடத்துகிற ஒரு சின்னப் பத்திரிகைக்குக் கொடுக்கப் போகிறேன். அதனால் உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்லித்தான் ஆக வேண்டும். பொறுத்துக்கொள்.

வானவில் படை என்று பேர்தான். நாம் படித்ததெல்லாம் சாணித்தாளில் கறுப்பு வெள்ளை. ஏழு நாயகர்கள், ஆளுக்கொரு நிறம், எது எந்த நிறம் என்று வசனத்தைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நீலனுக்கும் செவ்வந்திக்கும் கல்யாணம். அவன் தண்ணீர், அவள் நெருப்பு. "தொட்டா ஆவியாப் பூடுவானே மாமே, எப்டிக் குடும்பம் நடத்துவான்?" என்று நீ கணக்கு வகுப்பில் கேட்க, நாம் ரெண்டு பேரும் வெளியே நின்றோம்.

அந்தக் கல்யாணத்தை நிறுத்த அதுவரைக்கும் வந்த வில்லன்கள் அத்தனை பேரும் கிளம்பி வருவார்கள். டாக்டர் துரு, பாம்பரசி, கண்ணாடி முகத்தான், எல்லாரும் ஒரே பக்கத்தில். படை கோட்டு சூட்டோடு சண்டை போடும். செவ்வந்தி முக்காட்டைக் கழற்றி வைத்துவிட்டு அடிப்பாள். கூரை இடிந்து விழும். இடிந்த கூரைக்குக் கீழே மோதிரம் மாற்றிக்கொள்வார்கள். வெளிநாட்டு சர்ச்சில், மணி அடிக்கிற இடத்தில், மொழிபெயர்த்த புண்ணியவான் "கெட்டி மேளம்! கெட்டி மேளம்!" என்று எழுதியிருந்தார். எத்தனை தடவை படித்தாலும் நீ அந்த இடத்தில் சிரிப்பாய்.

அதில் ஒரு குறை உண்டு. படை ஏழு பேர், அந்தச் சண்டையில் ஆறு பேர்தான். ஊதாக் கண்ணன், சுவருக்கு அந்தப் பக்கம் பார்க்கத் தெரிந்தவன், எந்தக் கட்டத்திலும் இல்லை. வரைந்தவன் மறந்துவிட்டான் என்றேன் நான். நீ ஒத்துக்கொள்ளவே இல்லை. "அவன் வெளில காவல் நின்னுகினு கீறான்டா. கல்யாண ஊட்ல எல்லாரும் உள்ளயே இருந்தா எப்டி?"

யாரையும் விட்டுக்கொடுக்க மாட்டாய் நீ. காகிதத்தில் இருக்கிறவனைக்கூட. புதுப் பதிப்பிலும் எண்ணிப் பார்த்தேன். ஆறு பேர்தான்.

இனி சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

உனக்கும் கோமதிக்கும் பழக்கமானது அம்பத்தூர் எஸ்டேட்டில். அவள் எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல். அந்தப் பெண்களை ஏற்றி இறக்குகிற வேனை நீ ஓட்டினாய். அவள் வீட்டுக்கு நாம் ஆகாத சாதி. அவள் அப்பா இல்லாதவள், சித்தப்பா பக்தவச்சலம் சொன்னதுதான் அந்த வீட்டில் சட்டம். அந்த பக்தவச்சலம்தான் நான் வேலை செய்த பட்டறையில் ஃபோர்மேன். நான் அங்கே ஆறு வருஷமாகக் கான்ட்ராக்டில் ஓடிக்கொண்டிருந்தேன்.

"திருமுல்லைவாயில்ல குளத்துப் பக்கம் சின்ன முருகன் கோயில் கீது மச்சான், காலைல ஏழு மணிக்கு" என்றாய். "யாரையும் கூப்பிடல. நீ மட்டும் வா. படைன்னா நீ ஒருத்தன் போதும்."

முதல் நாளே கோமதி வீட்டை விட்டு வந்துவிட்டாள். மத்தியானம் ஃபோர்மேன் என்னைத் தன் ரூமுக்குக் கூப்பிட்டார். அடிக்கவில்லை, மிரட்டவில்லை. உட்காரச் சொன்னார். டீ வரவழைத்தார்.

"எங்க அண்ணன் பொண்ணு காலைலேர்ந்து ஊட்ல இல்ல ஏழுமலை. உன் கூட்டாளி எங்க வரச் சொல்லிக்கீறான்?"

"தெரியாது சார்."

"பெர்மனென்ட் லிஸ்ட் என் மேசைலதான் கீது. திங்கக்கிழமை மேல போவுது. நீ யோசிச்சிச் சொல்லு. அவசரம் இல்ல."

டம்ளரில் டீ ஆறுகிற நேரம்கூட நான் எடுத்துக்கொள்ளவில்லைடா.

"திருமுல்லைவாயில்" என்றேன். "குளத்துப் பக்கம் முருகன் கோயில். காலைல ஏழு மணி."

அவர் கேட்டது இடத்தை. நேரத்தை அவர் கேட்கவே இல்லை. அதை நானாகச் சேர்த்துச் சொன்னேன். பேசித்தான் அனுப்புவார்கள், அடிக்க மாட்டார்கள் என்று நினைத்தேன் என எனக்கே பல வருஷம் சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். அந்த நேரத்தில் நான் எதையும் நினைக்கவில்லை. லிஸ்டில் என் பேர் எந்த வரிசையில் இருக்கும் என்பதை மட்டும்தான் நினைத்தேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு நான் மிஷினில் நின்றேன். நீங்கள் கோயில் வாசலில் நின்றீர்கள். ஐயர் மூன்று தடவை கேட்டாராம், ஆரம்பிக்கலாமா என்று. "என் சிநேகிதன் வந்துடட்டும் சாமி" என்று நீ சொல்லிக்கொண்டே இருந்தாயாம். எனக்காகக் காத்திருக்காமல் இருந்திருந்தால் தாலியாவது ஏறியிருக்கும். ரெண்டு கார் வந்தது. கோமதியைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். உன் தோள்பட்டை எலும்பு உடைந்தது. பதினைந்து நாளில் வேலூர் பக்கம் ஒருத்தனுக்கு அவளைக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

அன்றைக்கு போனில் உன்னிடம் சொன்னேன், அம்மாவுக்குத் திடீரென்று மயக்கம், ஆஸ்பத்திரியில் இருந்தேன் என்று. மறுநாள் நீ என்ன செய்தாய்? கையைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு, இன்னொரு கையில் ஆரஞ்சுப் பழத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தாய்.

"அம்மாவுக்கு இப்ப எப்டிக்கீது?"

"எனக்கின்னாடா?" என்றாள் அம்மா. "நான் நல்லாத்தானே கீறேன். உனக்குத்தான்டா கையெல்லாம் கட்டிக்கீது."

நான் அடுப்படிக்குள் போய்விட்டேன். நீ அம்மா முகத்தைப் பார்த்தாய். அப்புறம் "சரிம்மா, உடம்பப் பாத்துக்கோ" என்று பழத்தை வைத்துவிட்டுப் போனாய். அம்மா ஏதோ மறைக்கிறாள், மகனைக் கவலைப்படுத்த வேண்டாம் என்று பேசுகிறாள் என எடுத்துக்கொண்டாயா? இல்லை, அங்கேயே உனக்குப் புரிந்துவிட்டதா? பன்னிரண்டு வருஷமாக நான் உன் முகத்தில் அதைத்தான் தேடினேன். ஒரு நாளும் கிடைக்கவில்லை.

டீக்கடையில் யாராவது "உன் ஆளு ஏன் அன்னிக்கு வரல?" என்று கேட்டால், "அவன் வந்திருந்தா கதையே வேறடா" என்பாய். நான் பக்கத்தில்தான் நிற்பேன்.

என் பேர் லிஸ்டில் வந்தது. எனக்குப் பெண் பார்த்தார்கள். என் கல்யாணத்துக்குப் பந்தக்கால் நட்டதிலிருந்து கடைசிப் பந்தியில் இலை எடுத்ததுவரைக்கும் நீதான். சோறு வடிக்கிற இடத்தில் உன் வேட்டி கரியாகிவிட்டது. அதே வேட்டியோடு மேடைக்கு வந்து என்னைக் கட்டிப் பிடித்தாய். "கெட்டி மேளம்! கெட்டி மேளம்!" என்று என் காதில் சொல்லிச் சிரித்தாய். என் மனைவி இன்றைக்கும் கேட்பாள், அவர் சிரிச்சப்ப நீங்க ஏன் அப்படி நடுங்கினீங்க என்று.

நீ அப்புறம் யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. "நமக்கு அதெல்லாம் ஆவாதுடா" என்று மட்டும் சொல்வாய். வேன் ஓட்டினாய். என் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டாய். என்னை ஒரு நாளும் பஸ்ஸில் நிற்கவிட்டதில்லை.

எந்த வேலைக்காகச் சொன்னேனோ, அந்தப் பட்டறையை நாலு வருஷம் முன்னால் இழுத்து மூடினார்கள். இப்போது அங்கே அடுக்குமாடி எழும்புகிறது. நான் பூந்தமல்லி பைபாஸ் பக்கம் ஒரு குடோனில் பெட்டிக்கு டேப் ஒட்டுகிறேன். இதை ஆறுதலுக்கோ தண்டனைக்கோ சொல்லவில்லை. நடந்தது, அவ்வளவுதான்.

போன ஆடியில் உனக்குக் காய்ச்சல் வந்தபோது ஆஸ்பத்திரியில் ஆறு நாள் உன் பக்கத்தில் இருந்தேன். ஆறாவது நாள் சாயங்காலம் நீ கொஞ்சம் தெளிவாக இருந்தாய். "நீ ஊட்டுக்குப் போ மச்சான், புள்ளைங்க தேடும்" என்றாய்.

"டில்லி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

என்னைப் பார்த்தாய். ரொம்ப நேரம் பார்த்தாய்.

"நாளைக்குச் சொல்லு. இப்ப தூக்கம் வருது."

மறுநாள் காலை நான் வருவதற்குள் கட்டில் காலி. எனக்கு வந்தது அழுகை இல்லைடா. அப்பாடா என்று ஒரு மூச்சு வந்தது. இனிமேல் சொல்ல வேண்டாம் என்கிற மூச்சு. அதனால்தான் உன் சாவுக்கு என்னால் அழ முடியவில்லை. இதை எழுதும்போது கை கூசுகிறது.

ரெண்டு மாசம் முன்னால் அம்பத்தூர் ஓ.டி. பஸ் நிறுத்தத்தில் கோமதியைப் பார்த்தேன். அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறாள். தலை பாதி நரைத்துவிட்டது. அவளாகத்தான் வந்து பேசினாள்.

"கடைசில வலி எதுனா இருந்துச்சா அவருக்கு?"

"இல்லம்மா. தூக்கத்துலதான்."

தலையாட்டினாள். அப்புறம் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "நீங்கதான் சொன்னீங்கன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். கார்லயே சித்தப்பா சொல்லிட்டாரு. 'அவன் கூட்டாளியே காட்டிக் குடுத்துட்டான், இவனை நம்பியா வந்தே'ன்னு."

"டில்லிகிட்ட சொன்னியாம்மா?"

"ஒரே ஒரு தடவ போன்ல பேசினோம். வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லல."

"ஏன்?"

"நான்தான் இல்லாம பூட்டேன். அவருக்கு மிச்சம் நீங்க ஒருத்தர்தான். அதையும் புடுங்கிக்கணுமா?"

அவள் பஸ் வந்தது. ஏறிவிட்டாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட நான் பிழைத்திருப்பேன்.

நீலனும் செவ்வந்தியும் புதுப் பதிப்பில் நல்ல வண்ணத்தில் இருக்கிறார்கள் டில்லி. பட்டாபிராம் பெஞ்சில் அந்தக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தபோது எனக்கு உன் கல்யாணம்தான் தெரிந்தது. உன் பக்கம் சண்டை போட ஒருத்தனும் இல்லை. வில்லன்களுக்கு வழி சொன்னவன் உன் படைக்காரன்.

இப்போது உன் அம்மா விஷயம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போகிறேன். ஆவடி பக்கம் கோவில்பதாகையில் அதே ஒற்றை அறைதான். நான் போனால்தான் அன்றைக்கு மீன் வாங்குகிறாள். கண் சரியாகத் தெரியவில்லை, முள்ளை நான் எடுத்து வைக்கிறேன். போன ஞாயிறு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அடுத்த மாசம் வருசத் திதி வருது. நீதான்டா ஒக்காந்து பண்ணணும். அவனுக்குப் புள்ளையா குட்டியா? நீ அவன்கூடப் பொறந்தவன் மாதிரி."

நான் சரி என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்வேன்? ஆனால் உன் பேரைச் சொல்லி எள்ளும் தண்ணியும் இறைக்க இந்தக் கையால் ஆகாது. உன்னிடம் சொல்லாமல் தப்பித்தேன். அவளிடமும் சொல்லாமல், மகன் இடத்தில் போய் உட்கார முடியாது.

சொன்னால் என்ன ஆகும் என்று தெரியும். யாருக்கும் எதுவும் திரும்பி வராது. கோமதியின் பன்னிரண்டு வருஷம் வராது, நீ வர மாட்டாய். உன் அம்மாவுக்கு இருக்கிற ஒரு வாய்க் கஞ்சித் துணையும் போய்விடும். சொல்லாமல் இருப்பது அவளுக்கு நல்லதா, எனக்கு வசதியா? ரெண்டும் ஒன்றாகவே இருக்கிறது, அதுதான் பயமாக இருக்கிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் உனக்குத் துரோகம்தான் டில்லி. அந்த மாதிரி ஓர் இடத்தில் என்னை நானே கொண்டு வந்து நிறுத்தியிருக்கிறேன்.

அதனால் ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். இந்தக் கடிதம் அச்சுக்குப் போவதற்கு முன்னால், வருகிற ஞாயிறு, உன் அம்மாவுக்கு நானே படித்துக் காட்டுவேன். முதலில் மீன் முள்ளை எடுத்து வைப்பேன், அவள் சாப்பிட்டு முடிக்கட்டும். அப்புறம் படிப்பேன். ஃபோர்மேன் ரூமை விட்டுவிட மாட்டேன். நேரத்தையும் நானாகச் சொன்னேன் என்கிற வரியைத் தாண்டிப் போக மாட்டேன். போடா வெளியே என்றால் போவேன். மன்னிப்பு கேட்க மாட்டேன், அதைக் கேட்டால் கொடுத்துவிடுவாள் அவள்.

இப்படிக்கு,
நீ கடைசிவரைக்கும் மச்சான் என்று கூப்பிட்ட
ஏழுமலை