நான் அனுப்பாத பெட்டி

இடைசெவல்
15.9.2024

கர்த்தருக்குள் அன்பான தங்கச்சி ஜெபக்கனிக்கு,

தங்கப்பாண்டியன் எழுதுவது. நானேதான் எழுதுகிறேன், பக்கத்தில் யாரும் இல்லை. இந்த வரி வருவதற்குள் காப்பி ஆறிவிட்டது. "போன்ல பேசிரலாம்லா மாமா, எதுக்கு இந்தப் பாடு?" என்கிறாள் மருமகள். பேச எனக்கு எழுபது வருஷமாகத் தெரியும். எழுத இந்த வருஷம்தான் தெரியும். அவளுக்கு அது எங்கே புரிகிறது?

தீப்பெட்டி ஆபீசில் இருந்த காலமெல்லாம் கைநாட்டு. சந்தைக்கு வந்த நேரம் உன் கடையில் உட்காரவைத்து, துண்டுப் பிரசுரத்தைக் கையில் கொடுத்து, எழுத்துக் கூட்ட வைத்தாயே, அந்தப் புண்ணியம் உன்னைச் சேரும். இப்போது பஸ்ஸில் போகும்போது ஒவ்வொரு கடைப் போர்டாக வாசிக்கிறேன். பக்கத்தில் இருப்பவர்கள் எரிச்சல் படுகிறார்கள்.

ஒரு நல்ல செய்தி. உன்னிடம் வாங்கிய பெரிய எழுத்து வேதாகமத்தைப் போன ஞாயிறு கோயிலுக்குக் கொண்டுபோனேன். ஆராதனை முடிந்ததும் வயசானவர்கள் எல்லாரும் சுற்றி நின்றுகொண்டார்கள். சபைச் செயலர் சௌந்தரபாண்டியன் போனைக் கையில் வைத்துக்கொண்டு, "தாத்தா, அட்டையில என்ன போட்டிருக்குன்னு சத்தமா வாசிங்க" என்றான். முன் அட்டை, பின் அட்டை, கோடு கோடாக இருக்கிறதே, அதற்கு அடியில் உள்ள நீள நம்பர், ஒன்றையும் விடவில்லை. அவன் குறித்துக்கொண்டான். "கிறிஸ்துமஸுக்கு வயசானவிய எல்லாருக்கும் சபையில வாங்கிருவோம்" என்றான்.

பார்த்தாயா? நான் வாசித்து உன் கடைக்கு வந்த முதல் வியாபாரம்.

உன் அண்ணன்,
தங்கப்பாண்டியன்

*

நல்விதை கிறிஸ்தவப் புத்தகசாலை
கோவில்பட்டி
24.9.2024

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். கடையில் ஆளே இல்லாததால் மூன்றாவது தடவையும் வாசித்தேன்.

இங்கே வருகிறவர்கள் புத்தகத்தைப் புரட்டுகிறார்கள், எழுத்தின் அளவைப் பார்க்கிறார்கள், போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். நேற்று ஒரு தம்பி என் கண்முன்னே நின்றுகொண்டு, "அக்கா, போன்ல இது விலை குறைச்சலாப் போட்டிருக்கு, பாருங்க" என்று என்னிடமே காட்டினான். என்னவோ நான் சந்தோஷப்படுவேன் என்பது மாதிரி.

கட்டிடக்கார மாயகிருஷ்ணன் அண்ணாச்சி, ஜனவரியில் வாடகையைக் கூட்டிக்கொடு, இல்லாவிட்டால் கடையைக் காலி செய் என்கிறார். போன் உறை விற்கிற ஒருவர் இந்த இடத்தைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாராம். இந்தக் கிறிஸ்துமஸ் வியாபாரத்தில்தான் கடை நிற்பதும் போவதும்.

நீங்கள் சொல்லும் வேதாகமத்தை அத்தனை பேருக்கும் சென்னையிலிருந்துதான் வரவழைக்க வேண்டும். முழுப் பணமும் முன்னாலேயே கட்ட வேண்டும், திருப்பி எடுக்க மாட்டார்கள். அதனால் சௌந்தரபாண்டியனிடம் ஒரு வார்த்தை கேட்டு எழுதுங்கள். என் கடையில்தானே வாங்குவார்கள்? நான் கேட்டால் கெஞ்சுகிற மாதிரி இருக்கும். நீங்கள் கேளுங்கள்.

அன்புடன்,
ஜெபக்கனி

*

இடைசெவல்
2.10.2024

அன்புத் தங்கச்சிக்கு,

நல்ல கேள்வி கேட்டாய் போ! கோவில்பட்டியில் உன்னை விட்டால் அவர்களுக்கு வேதாகமம் தர யார் இருக்கிறார்கள்? பலசரக்குக் கடையிலா கிடைக்கும்? தைரியமாக வரவழை. நான் சொல்கிறேன்.

இங்கே ஒரு மழை பெய்தது. உளுந்து போட்டிருக்கிறோம். காட்டுக்குப் போனால் கரிசல் மண் காலோடு வருகிறது. "ந்து" என்ற எழுத்து இப்போது நன்றாக வருகிறது, கவனித்தாயா?

தங்கப்பாண்டியன்

*

இடைசெவல்
10.11.2024

கர்த்தருக்குள் பிரியமான தங்கச்சிக்கு,

நீ அனுப்பிய பெட்டி வந்து சேர்ந்தது! வேனிலேயே கோயில் வாசலில் கொண்டுவந்து இறக்கினார்கள். நீ வேன் வைத்து அனுப்புவாய் என்று நான் நினைக்கவே இல்லை. உள்ளே காற்றடைத்த பைகளை எல்லாம் திணித்து, ஒரு முனைகூட மடங்காமல் நன்றாகக் கட்டியிருக்கிறாய். மேலே ஒட்டிய காகிதம்தான் முழுக்க இங்கிலீஷ். இனிமேல் தமிழில் எழுது, நான் வாசிப்பேன்.

இன்று ஆராதனையில் உபதேசியார் அந்த வேதாகமங்களை எல்லாம் பீடத்துக்கு முன்னால் அடுக்கி ஜெபம் செய்து படைத்தார். அதற்கு முன்னால், நேற்றே என்னைக் கூப்பிட்டு, முதல் பக்கத்தில் அவரவர் பெயரை எழுதச் சொல்லிவிட்டார்கள். என்னைத்தான், தங்கச்சி! எத்தனையோ பேர் படித்தவர்கள் இருக்க, தாத்தாதான் எழுத வேண்டும் என்று பிடிவாதம். காலையில் உட்கார்ந்தவன் விளக்கு வைக்கும்போதுதான் எழுந்தேன். வெள்ளைத்தாய் தன் பெயரைத் தடவித் தடவிப் பார்த்தாள். "என் பேரா இது? இம்புட்டு நீளமா இருக்கு!" என்றாள்.

எல்லாம் மையில் எழுதினேன். அழியாது.

சந்தோஷத்துடன்,
தங்கப்பாண்டியன்

*

கோவில்பட்டி
16.11.2024

அண்ணாச்சிக்கு,

நான் பெட்டி எதுவும் அனுப்பவில்லை. சென்னையிலிருந்து வந்த என் பெட்டிகள் பிரிக்காமல் இங்கேதான் இருக்கின்றன. அவற்றில் ஒன்றின் மேல் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

உங்கள் சபையில் வாங்கியது போனில். நீங்கள் வாசித்த நம்பரை அடித்து வாங்கியிருக்கிறார்கள். உங்கள் கடிதம் வந்த அன்றே உங்கள் ஊர் ஜெயப்பிரியா, அவள் மாமியாரின் வேதாகமத்தைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தாள். "உறை மட்டும் வேணும்க்கா. போன்ல வாங்கினா அளவு சரியா வராது. இங்கன வச்சுப் பாத்து வாங்கலாம்லா?" என்றாள். அளவு பார்த்துக் கொடுத்தேன். உறையில் பொன்னெழுத்தில் பெயர் அடிக்கச் சொன்னாள். அதையும் அடித்துக் கொடுத்தேன்.

போனில் வாங்கியது பிடிக்காவிட்டால் பத்து நாளைக்குள் வாசலுக்கே வந்து திரும்ப எடுத்துக்கொள்வார்களாம், அதையும் அவளே சொன்னாள். பெயர் எழுதிய புத்தகத்தை யார் எடுப்பார்கள்? முதல் பக்கத்தை விரித்து, "நம்ம தாத்தா கையெழுத்து, நல்லா இருக்குல்லா?" என்று காட்டினாள். நன்றாகத்தான் இருக்கிறது.

கேட்டு எழுதுங்கள் என்றேன், அண்ணாச்சி. நீங்கள் கேட்கவே இல்லை.

இன்னும் ஒரு வழி இருக்கிறது. ஞாயிறு பள்ளிப் பரிசுப் புத்தகம், வசனக் காலண்டர், புதுவருஷ வாக்குத்தத்த அட்டை எல்லாம் இனிமேல்தான் வாங்குவார்கள். ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து நின்று, நடந்ததைச் சொல்லி, மீதியையாவது ஜெபக்கனியிடம் வாங்குங்கள் என்று சொல்லுங்கள். நான் சொன்னால் பிச்சை. நீங்கள் சொன்னால் நியாயம்.

ஜெபக்கனி

*

இடைசெவல்
1.12.2024

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் வந்த அன்றே சௌந்தரபாண்டியனிடம் போனேன். "ஏலே, ஜெபக்கனி கடையில வாங்குதோம்னு தானல சொன்ன?" என்றேன். "வாங்குதோம்னு சொன்னேன் தாத்தா. எங்கன வாங்குதோம்னு சொன்னேனா? சபைப் பணம் மிச்சம்லா" என்றான். "அவிய பொழைப்பு போகுதுல" என்றேன். "அதுக்கு ஜெபம் பண்ணுவோம்" என்றான். அவனை அடிக்கத்தான் தோன்றியது.

சபையில் சொல்லிவிடுவது என்று இன்று போனேன். முன் பெஞ்சில் உட்கார்ந்தேன். நான் எழுந்திருக்கும் நேரம் பார்த்து உபதேசியார், "இன்னைக்கு வேதபாடத்தை நம்ம தங்கப்பாண்டியன் தாத்தா வாசிப்பாவ" என்று சொல்லிவிட்டார். எனக்கு முன்கூட்டித் தெரியாது. மேலே போனேன். வாசித்தேன். முழு அதிகாரமும் வாசித்தேன். நிமிர்ந்து பார்த்தால் எல்லா முகமும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. வெள்ளைத்தாய் கண்ணைத் துடைத்தாள்.

அப்போது நான் பேசியிருக்க வேண்டும். பேசினால் அந்த முகங்கள் மாறிவிடும் என்று தோன்றியது. இறங்கி வந்து உட்கார்ந்துவிட்டேன்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது, தங்கச்சி. உனக்குப் பொய் எழுத எனக்கு வரவில்லை.

அடுத்த வாரம் கட்டாயம் பேசுகிறேன். கிறிஸ்துமஸுக்கும் என்னையே வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். நீ வர வேண்டும்.

தங்கப்பாண்டியன்

*

கோவில்பட்டி
6.1.2025

அண்ணாச்சிக்கு,

உங்கள் அடுத்த வாரத்துக்காகக் கிறிஸ்துமஸ் வரை பொறுத்திருந்தேன். உங்கள் ஊரிலிருந்து ஒரு காலண்டர்கூடக் கேட்டு வரவில்லை.

கடையைக் காலி செய்துவிட்டேன். மாயகிருஷ்ணன் அண்ணாச்சி ஆள் வைத்துப் போர்டைக் கழற்றித் தந்தார், கூலி வாங்க மாட்டேன் என்றுவிட்டார். நாளைக்கு ஓசூரில் மகள் வீட்டுக்குப் போகிறேன். பெட்டிகளை வைக்க அங்கே இடம் இல்லையாம். பழைய புத்தகம் எடுக்கிறவரிடம் பேசினேன். பெட்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "வேதத்தை எடைக்கு எடுக்கப் பயமா இருக்கும்மா" என்று வைத்துவிட்டுப் போனார். அவருக்காவது பயம் இருந்தது.

கிறிஸ்துமஸ் அன்று உங்கள் கோயிலுக்கு வந்திருந்தேன். உள்ளே வரவில்லை. வெளியே செருப்பு விடுகிற இடத்தில் நின்று கேட்டேன். ஓரிடத்திலும் தடுக்காமல், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, நன்றாக வாசித்தீர்கள். முடித்துவிட்டு ஏதாவது சொல்வீர்கள் என்று நின்றேன். பாட்டுத் தொடங்கியதும் பஸ்ஸுக்கு நடந்தேன்.

உங்களுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுத்ததில் எனக்கு வருத்தம் இல்லை என்று எழுதத்தான் இன்று உட்கார்ந்தேன். எழுத வரவில்லை.

ஜெபக்கனி