சுண்டுவிரலும் டாக்டரம்மாவின் சம்பளமும்

வைகாசி 6, செவ்வாய்

வெயில் மண்டையைப் பிளக்கிறது. சுண்டுவிரல் நுனி கருத்துவிட்டது. போன வாரம் கோவில் பிரகாரத்தில் வெறுங்காலோடு சுற்றினேன். கல் சுட்டது இந்தச் சர்க்கரைக்காரன் காலுக்குத் தெரியவே இல்லை.

நாளை ஆஸ்பத்திரிக்கு. வீட்டுக்காரி சரோஜா பை கட்டிவிட்டாள். கைலி இரண்டு, பிளாஸ்க், போர்வை, காப்பீட்டு அட்டை. லால்குடி அண்ணனுக்கும் இப்படித்தான். படுக்க வைத்தார்கள், கட்டைவிரல் போச்சு. பயம். இவளிடம் சொல்லவில்லை.

வைகாசி 7, புதன்

பெரியவர்களுக்கான அரசுக் காப்பீடு என்றாலே அட்மிஷன்தானே, பையோடு போனோம். டாக்டரம்மா சிரித்தார். "எந்த ஊருக்குக் கிளம்பிட்டீங்க?"

பெட் வேண்டாமாம். கட்டு போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகலாமாம். நர்ஸ் வீடு தேடி வருவாராம். முன்பு படுக்க வைத்தால், வெட்டினால்தான் டாக்டருக்குப் பணம். இப்போது எங்கள் பக்கம் மட்டும் மாற்றிப் பார்க்கிறார்கள். நோயாளி ஆளுக்கு மாதம் இவ்வளவு என்று டாக்டருக்குக் கொடுக்கிறார்கள். வெட்டினாலும் அதே, வெட்டாவிட்டாலும் அதே.

வெளியே வந்ததும் சரோஜா: "அப்ப சும்மா இருந்தாலும் காசு வருமில்ல? அதான் அனுப்பிட்டாங்க."

சுருக்கென்றது. நியாயம்தானே.

வைகாசி 9, வெள்ளி

சரியாகத் தூக்கமில்லை. நேரே போய்க் கேட்டுவிட்டேன். "என்னைப் பாக்காம விட்டா உங்களுக்கு மிச்சம்தானேம்மா?"

கோபிக்கவில்லை. "கண்டக்டரா இருந்தவர்தானே? கலெக்‌ஷன் பாத்து பேட்டா குடுத்தா பஸ்ஸைப் புளிமூட்டையா அடைப்பீங்க. வெறும் சம்பளம் மட்டும்னா?"

"ஸ்டாப்ல நிறுத்தாமப் போவோம்."

"கவர்மெண்டுக்கும் அதே பயந்தான். அதான், உங்க விரல் போச்சுன்னா எங்க பணத்துல பிடிப்பாங்க. போதுமா?"

போதும். காலை நீட்டினேன்.

ஒரு உத்தரவு: வீட்டுக்குள்ளும் செருப்பு. சரோஜாவிடம் சொன்னேன். "என் வீட்டுக்குள்ள செருப்பா? அந்தக் கதையே வேணாம்."

வைகாசி 22, வியாழன்

காற்று கிளம்பிவிட்டது. கொடியில் துணி நிற்கவில்லை. நர்ஸ் வந்து கட்டைப் பிரித்தாள். கருப்புக்கு அடியில் சிவப்பு. "ரத்தம் ஓடுது தாத்தா." தாத்தாவாம்!

பிறகு தரையைப் பார்த்தாள். "இன்னும் வெறுங்காலா? குண்டூசி ஏறினாக்கூட உங்களுக்குத் தெரியாது. அப்புறம் நான் வந்து பிரயோஜனம் இல்ல." சரோஜா துடைப்பத்தை எடுத்துத் தரையைக் கூட்டினாள். ராத்திரி அவள் இட்லிகூட சரியாகச் சாப்பிடவில்லை.

ஆனி 9, திங்கள்

காவிரியில் தண்ணீர் வந்துவிட்டது. பஸ்ஸில் எல்லோரும் ஜன்னல் பக்கம்.

டாக்டரம்மா அழுத்திப் பார்த்தார். "பிழைச்சுது சார்." அப்பாடா! சரோஜா அங்கேயே அழுதாள். வரும் வழியெல்லாம் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தாள்.

அண்ணனுக்கு போன். "எனக்கும் அப்பவே இந்த ஏற்பாடு இருந்திருந்தா..." பிறகு, "சந்தோஷம்டா, நல்லா நட."

வாசலில் செருப்பைக் கழற்றினேன். நிலைப்படிக்கு உள்ளே ஒரு புது ஜோடி. பலன் என்னவென்று தெரியுமுன்னே, காலையிலேயே வாங்கி வைத்துவிட்டுத்தான் கிளம்பியிருக்கிறாள்.

"போட்டுக்கிட்டே வாங்க. சாமி ரூமுக்கு மட்டும் வேணாம்."

போட்டுக்கொண்டு சமையல்கட்டு வரைக்கும் போய் காபி கேட்டேன். திட்டவில்லை.